மருத்துவமனையில் சேரும் முதியோருக்குத் தேவையற்ற மருந்துகள்: பட்டியலை ஒட்டி வைத்தும் பழக்கம் மாறவில்லை, அடுத்து என்ன செய்வது?

கேள்வி (பொது மருத்துவப் பிரிவு மருத்துவர்)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வார்டில் சேர்க்கப்படுவோரில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். பலர் உள்ளே வரும்போதே எட்டு, பத்து மருந்துகளோடு வருகிறார்கள். வீடு திரும்பும்போது அந்த எண்ணிக்கை குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கிறது. நிமோனியாவுக்காகச் சேர்ந்த ஒருவர், அந்த நோய் குணமான பிறகும், வயிற்றுப் பாதுகாப்புக்கென்று தொடங்கிய பான்டோபிரசோல் எனும் அமிலக் குறைப்பு மருந்தையும், இரவுத் தூக்கத்துக்கென்று எழுதிய லோராசெபாமையும், அரிப்புக்குக் கொடுத்த ஹைட்ராக்ஸிசைனையும் நிரந்தர மருந்துகளாக எடுத்துச் செல்கிறார். யார் தொடங்கியது, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேஸ் ஷீட்டில் தேடினால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

இதை மாற்றும் எண்ணத்தில், முதியோருக்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளைக் குறிக்கும், அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023இல் புதுப்பித்த பீர்ஸ் பட்டியலிலிருந்து எங்களுக்குப் பொருந்துவனவற்றைத் தொகுத்து, மருத்துவர்கள் அமர்ந்து எழுதும் இடத்தில் ஒட்டி வைத்தோம். இளநிலை மருத்துவர்களுக்கு ஒரு வகுப்பும் நடத்தப்பட்டது. முதலில் சற்று மாற்றம் தெரிந்தது. பணிச்சுழற்சியில் ஆட்கள் மாறியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது.

என் கேள்விகள் இவை. பட்டியல் என்ற கருவியே போதாததா, அல்லது அதை நாங்கள் பயன்படுத்திய முறை சரியில்லையா? நோயாளி வார்டில் இருக்கும் சில நாள்களில் எந்தக் கட்டத்தில் தலையிட்டால் பலன் இருக்கும்? எல்லா மருந்துகளையும் ஒரே நேரத்தில் ஆராய நேரம் இல்லாத வார்டில் எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்றும் உண்டு. "கடும் நோயோடு வந்தவரின் நெடுநாள் மருந்துகளில் நாம் கை வைக்கக்கூடாது, அதை அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்" என்று மூத்த மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். அதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் எல்லோரும் அப்படியே விட்டுவிட்டால் அந்த மருந்துகளை யார்தான் பார்ப்பார்கள் என்ற கவலையும் கூடவே எழுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி (மருத்துவமனை மருந்தாளுநர்)

வணக்கம், டாக்டர். உங்கள் கேள்வியின் முதற்பகுதிக்கே நேரடியாக வருகிறேன். பட்டியல்களில் குறை அதிகம் இல்லை. பீர்ஸ் பட்டியல் 1991இல் முதியோர் காப்பகங்களில் இருப்போருக்காகத் தொடங்கி, இன்று 65 வயதைக் கடந்த அனைவருக்குமாக விரிந்திருக்கிறது. அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஸ்டாப்–ஸ்டார்ட் அளவுகோல்கள் 2023இல் மூன்றாம் பதிப்பை அடைந்து, நிறுத்தத்தக்கவற்றுக்கு 133 விதிகளையும், விடுபட்டவற்றைத் தொடங்குவதற்கு 57 விதிகளையும் கொண்டிருக்கின்றன. இவை கவனத்தை ஈர்க்கும் கருவிகள். நோயாளியின் முன் நின்று முடிவெடுப்பதை அவை நமக்காகச் செய்வதில்லை.

பட்டியலை யார் கையில், எந்த வழியில், எந்த நேரத்தில் கொடுக்கிறோம் என்பதுதான் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து. இதற்கு மூன்று ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கார்க் நகர மருத்துவமனையில் 732 முதியோரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், ஆய்வு மருத்துவர் ஒருவர் ஸ்டாப்–ஸ்டார்ட் அளவுகோலின்படி மருந்துகளைப் பார்த்து, சிகிச்சை அளிக்கும் குழுவிடம் நேரில் பேசினார். மருத்துவமனையில் இருக்கும்போது ஏற்பட்ட மருந்துப் பாதிப்பு, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 21 சதவீதமாகவும், இந்த ஆலோசனை பெற்றவர்களில் 11.7 சதவீதமாகவும் இருந்தது. ஏறத்தாழ அதே அளவுகோல்களைக் கணினி மென்பொருளில் ஏற்றி, அறிக்கையாக அச்சிட்டுக் கொடுத்த செனட்டர் ஆய்வில், ஐரோப்பிய நாடுகள் ஆறில் 1,537 பேர் பங்கேற்றும் இரு பிரிவுகளுக்கும் இடையே வேறுபாடு இல்லை. மென்பொருள் சொன்ன ஆலோசனைகளில் சுமார் 15 சதவீதத்தையே மருத்துவர்கள் நடைமுறைப்படுத்தினார்கள். மூன்றாவது, 2021இல் வெளியான ஓபெராம் ஆய்வு. அதில் மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்தே மருந்துகளைப் பார்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவான ஆலோசனைகள் வழங்கப்பட்டு, ஐவரில் மூவருக்கு ஒன்றேனும் நிறைவேறியது. ஆயினும் மருந்தால் நேர்ந்த மறு அனுமதி ஓராண்டில் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 22.4 சதவீதமாகவும், ஆலோசனை பெற்றவர்களில் 21.9 சதவீதமாகவும் இருந்தது; அதைக் குறைவு என்று சொல்ல இயலாது. ஆகவே நேரில் பேசுவது அவசியம், ஆனால் வீடு திரும்பிய பின் வரும் மாதங்களுக்கு அது மட்டும் போதாது என்பதே இவற்றிலிருந்து நான் பெறும் பாடம்.

நடைமுறைக்கு வருகிறேன். சேர்ந்த 24 மணி நேரத்துக்குள், நோயாளி உண்மையில் உட்கொண்டுவந்த மருந்துகளின் பட்டியல் உருவாக வேண்டும். பழைய சீட்டைப் பார்த்து எழுதினால் அது அரைகுறையாகவே இருக்கும். மாத்திரை அட்டைகள், வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவர், பழைய டிஸ்சார்ஜ் சீட்டு என இரண்டு வழிகளிலாவது சரிபார்க்க வேண்டும். சீட்டில் இருந்தும் உட்கொள்ளாதவை, சீட்டில் இல்லாமல் தாமாகவே வாங்கி உட்கொள்பவை ஆகிய இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வலி மாத்திரையும் சளி மாத்திரையும் பலருக்கு மருந்தாகவே தோன்றுவதில்லை. கண் சொட்டு மருந்தையும் விடாதீர்கள். டிமோலால் சொட்டு விடுபவருக்கு நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வந்திருக்கக்கூடும், ஆனால் அதை யாரும் மருந்துப் பட்டியலில் எழுதியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது சிறுநீரகம். இந்த ஒரு கணக்கைச் செய்யாமல் முதியோருக்கு எந்த மருந்தின் அளவையும் முடிவு செய்ய இயலாது. 82 வயதுப் பெண், எடை 45 கிலோ, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.0 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வக அறிக்கையில் அந்த எண்ணுக்கு அருகே எந்த எச்சரிக்கைக் குறியும் இருக்காது. காக்ரோஃப்ட்–கால்ட் சூத்திரப்படி 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினின் 72 மடங்கால் வகுத்து, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கினால், சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் அளவு நிமிடத்துக்குச் சுமார் 31 மில்லிலிட்டர்தான் வருகிறது. இளையவர் ஒருவரின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இந்தச் செயல்திறனில் லெவோஃப்ளோக்சசின், பிரகாபாலின், டிகாக்சின், எனாக்ஸாபாரின் போன்றவற்றை வழக்கமான அளவில் எழுதினால் என்ன நேரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ரவுண்ட்ஸ். ஒரு நோயாளிக்கு ஒன்று அல்லது இரண்டு ஆலோசனைகளுக்கு மேல் நான் முன்வைப்பதில்லை. பன்னிரண்டு ஆலோசனைகளை எழுதிக் கோப்பில் செருகினால் பன்னிரண்டும் படிக்கப்படாமல் போகும். மிகக் கெடுதலான ஒன்றை, முடிவெடுக்கும் மருத்துவர் நோயாளியின் அருகே நிற்கும்போது சொன்னால், அந்த இடத்திலேயே அது நடந்துவிடுகிறது.

இறுதியாக, சுவரொட்டியை நம்புவதைவிட, சேர்க்கைக்கான அச்சடித்த உத்தரவுத் தாளையோ கணினிப் படிவத்தையோ எடுத்துப் பாருங்கள். அதில் தூக்க மாத்திரையும் அமிலக் குறைப்பு மருந்தும் தாமாகவே இடம்பெற்றிருந்தால், எத்தனை வகுப்புகள் எடுத்தாலும் அவை எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த இரு வரிகளையும் நீக்கி, வேண்டுமானால் காரணத்தோடு தனியே எழுதட்டும் என்று வைத்துவிடுங்கள். பணிச்சுழற்சியில் ஆட்கள் மாறினாலும் படிவம் மாறாது. அதோடு, மருத்துவமனையில் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு மருந்துக்கும் காரணமும் முடியும் நாளும் எழுதப்பட வேண்டும் என்ற ஒரே விதியைக் கடைப்பிடிக்க முடிந்தால், நீங்கள் சொன்ன பான்டோபிரசோல் கதையின் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடும். இரத்த உறைவுத் தடுப்பு மருந்தோடு ஆஸ்பிரினும் சேர்த்து உட்கொள்பவர், முன்பு குடற்புண்ணில் இரத்தம் கசிந்தவர் போன்றோருக்கு அம்மருந்து தொடர வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொள்கிறேன். குறைக்கும் ஆர்வத்தில் அவர்களுக்கும் நிறுத்திவிடுவது ஆபத்து.


மறுமொழி (வார்டு செவிலியர்)

மருந்தாளுநர் அவர்கள் கூறியவற்றை ஏற்கிறேன். இரவுப் பணியில் இருப்பவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

தூக்க மாத்திரை ஏன் எழுதப்படுகிறது என்று பாருங்கள். நள்ளிரவுக்குப் பின் இரத்த அழுத்தம் பார்க்க எழுப்புகிறோம், விடியுமுன் இரத்தம் எடுக்க எழுப்புகிறோம், மாலையில் கொடுத்த ஃபுரோசமைட் எனும் நீர்பிரியும் மாத்திரை இரவு முழுவதும் சிறுநீர் கழிக்க எழுப்புகிறது, பக்கத்துப் படுக்கையின் கருவி ஒலிக்கிறது, விளக்கு அணைவதில்லை. இவற்றுக்கு நடுவே உறங்காத முதியவருக்கு உறக்கமின்மை என்ற நோய் இருப்பதாக எழுதி, அல்பிரசோலமோ சோல்பிடெமோ கொடுக்கிறோம். மறுநாள் அவர் தடுமாறி விழுகிறார், அல்லது பகலெல்லாம் மயங்கிக் கிடந்து இரவில் விழித்துக் குழம்புகிறார். அந்தக் குழப்பத்துக்கு மற்றொரு மருந்து வருகிறது.

இதற்கு மாற்று உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் உள்ளது. ஷாரன் இனூயே அவர்களின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், 852 முதிய உள்நோயாளிகளுள் வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கு டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம் வந்தது; மருந்தில்லாத முறைகளால் கவனிக்கப்பட்டவர்களில் அது 9.9 சதவீதமாக இருந்தது. அந்த முறைகள் எவையும் அரிதானவை அல்ல: இரவில் சத்தத்தைக் குறைப்பது, உறங்கும் நேரத்தில் வெதுவெதுப்பான பானமும் முதுகு நீவிவிடுதலும், மூக்குக் கண்ணாடியையும் செவிக் கருவியையும் எடுத்துக் கொடுப்பது, எழுப்பி நடக்கவைப்பது, நீர் அருந்தவைப்பது, இன்று என்ன நாள், எங்கே இருக்கிறார் என்று அடிக்கடிச் சொல்வது. ஆனால் இவற்றைச் செய்ய ஆள் வேண்டும். ஒரு மாத்திரையைக் கொடுக்க ஒரு நிமிடம் போதும், ஒருவரை நடக்கவைக்கக் கால் மணி நேரமாவது வேண்டும் என்ற உண்மையை நிர்வாகம் ஏற்றுக்கொண்டு ஆள்பலம் தராவிட்டால், மருந்தை மட்டும் நிறுத்தச் சொல்வது செவிலியர்மீது சுமையை ஏற்றுவதாகவே முடியும்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரவில் முதியவர் கத்துகிறார், குழாயைப் பிடுங்குகிறார் என்று நாங்கள் அழைக்கும்போது, தொலைபேசியிலேயே ஹாலோபெரிடால் போடச் சொல்லாதீர்கள். சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, வலியா, ஆக்சிஜன் குறைந்திருக்கிறதா, வழக்கமாக உட்கொண்ட தூக்க மாத்திரையோ மதுவோ திடீரென நின்றதால் வந்ததா என்று கேளுங்கள். நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். பல நேரங்களில் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டாலே அமைதி திரும்புகிறது. மறதி நோயுள்ள முதியோருக்கு இவ்வகை மனநோய் மருந்துகள் இறப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இலும், பழைய வகை மருந்துகளையும் சேர்த்து 2008இலும் எச்சரித்திருக்கிறது. தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையில் குறைந்த அளவில் கொடுக்க வேண்டியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றிரவு கொடுத்தது மறுநாள் ரவுண்ட்ஸில் நிறுத்தப்பட வேண்டும். "தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று எழுதுவோர், எந்த அறிகுறிக்கு, எத்தனை முறை, எந்த நாள் வரை என்றும் எழுதினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.


கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சேர்க்கைப் படிவத்தை இன்று எடுத்துப் பார்த்தேன். மருந்தாளுநர் அவர்கள் சொன்னபடி, பான்டோபிரசோல் அதில் அச்சிலேயே இருக்கிறது. இரவு இரத்த அழுத்தம் பார்ப்பதை நிலைபெற்ற நோயாளிகளுக்குத் தவிர்ப்பது குறித்துப் பொறுப்புச் செவிலியரிடம் பேசவிருக்கிறேன்.

இரண்டு தயக்கங்கள் இன்னும் இருக்கின்றன. வேறொரு சிறப்பு மருத்துவர் பல ஆண்டுகளாக எழுதிவரும் மருந்தை நான் நிறுத்துவது முறையா? அப்படி நிறுத்தும்போது உடலில் எதிர்விளைவு ஏற்பட்டு நிலைமை மோசமாகிவிட்டால் என்ன செய்வது?


மறுமொழி (முதியோர் மருத்துவர்)

உங்கள் தயக்கம் நியாயமானது. பயமின்றி நிறுத்துபவரைவிடத் தயங்கி நிறுத்துபவரிடமே நோயாளியை ஒப்படைக்க நான் விரும்புவேன்.

மூத்தவர்கள் சொன்ன கருத்தையும் உங்கள் கவலையையும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. மருந்துகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். இப்போது தீங்கு செய்துகொண்டிருப்பவை, அல்லது இந்த நோய்நிலையில் தீங்கு செய்யக்கூடியவை ஒரு பக்கம். தீங்கு தெரியாமல் பயனும் இல்லாமல் தொடர்பவை மறுபக்கம். முதல் வகையில் மருத்துவமனையிலேயே முடிவெடுத்தாக வேண்டும், அதை வேறொருவருக்குத் தள்ளிவைப்பது முறையல்ல. இரண்டாம் வகைக்குத் திட்டத்தை எழுதி, அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒப்படைக்கலாம்.

முதல் வகையைக் கண்டுபிடிக்க எளிய வழி, இவர் ஏன் மருத்துவமனைக்கு வந்தார் என்று கேட்பதுதான். கீழே விழுந்து வந்தவரா? தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மருந்துகள், புராஸ்டேட்டுக்கான ஆல்ஃபா தடுப்பான், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றைப் பாருங்கள்; படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். சோடியம் குறைந்து குழம்பி வந்தவரா? தயசைடு நீர்பிரியும் மாத்திரையும் மனச்சோர்வு மருந்தும் முதல் ஐயத்துக்கு உரியவை. சர்க்கரை தாழ்ந்து வந்தவரா? கிளிபென்கிளமைடு எனும் சர்க்கரை மாத்திரையைத் திரும்ப எழுதவே கூடாது. சிறுநீரகம் திடீரெனப் பழுதானவரா? ஏசிஇ தடுப்பான் எனும் இரத்த அழுத்த மருந்து, நீர்பிரியும் மாத்திரை ஆகியவற்றோடு வலி மாத்திரையும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்; இம்மூன்றும் ஒரே நேரத்தில் இருந்தால் சிறுநீரகம் தாங்காது. சேர்க்கையின் காரணமே மருந்தாக இருக்கும்போது அதை நிறுத்துவது உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதி. அதற்கு எந்தச் சிறப்பு மருத்துவரும் வருத்தப்பட மாட்டார், தகவல் மட்டும் சென்று சேர வேண்டும்.

மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயென்று கருதி மற்றொரு மருந்து எழுதப்படும் தொடர்ச்சியை ரோஷன், குர்விட்ஸ் ஆகியோர் 1990களில் விளக்கினார்கள். முதியோரிடம் இதைத் தேடினால் வியப்பூட்டும் அளவுக்கு அகப்படும். மறதி நோய்க்கு டொனெபெசில் தொடங்குகிறார்கள், சிறுநீரை அடக்க முடியாமல் போகிறது, அதற்கு ஆக்ஸிபியூட்டினின் எழுதப்படுகிறது, அது மூளையில் டொனெபெசிலுக்கு நேர் எதிராக வேலை செய்து மறதியைக் கூட்டுகிறது, மலச்சிக்கலையும் தருகிறது, மலச்சிக்கலுக்கு இன்னொன்று. மூன்று மருந்துகளையும் தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருப்பதாகத் தோன்றும். தொடங்கிய வரிசையில் எழுதிப் பார்த்தால்தான் முதல் கண்ணி தெரியும். அம்லோடிபின் எனும் இரத்த அழுத்த மருந்தால் கால் வீங்கி, அதற்கு ஃபுரோசமைட் எழுதப்பட்டவர்களும் நிறையவே இருக்கிறார்கள்; அங்கே இதயத்திலோ சிறுநீரகத்திலோ குறை இல்லையென்றால், மாற்ற வேண்டியது அம்லோடிபினைத்தான்.

எதிர்விளைவைப் பற்றிக் கேட்டீர்கள். லோராசெபாம், அல்பிரசோலம் போன்ற பென்சோடையசெபைன் வகை மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டபின் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் குழப்பமும் வரலாம்; இரு வாரங்களுக்கு ஒருமுறை கால் பங்கு வீதம் குறைத்து, கடைசிக் கட்டத்தில் இன்னும் மெதுவாகக் குறைப்பதே பாதுகாப்பு. ஆகவே மருத்துவமனையில் அதைத் தொடங்கி வைக்கலாம், முடிக்க இயலாது. பீட்டா தடுப்பான், குளோனிடின், பேக்லோஃபென், மனச்சோர்வு மருந்துகள், மூன்று வாரங்களுக்கு மேல் உட்கொண்ட ஸ்டீராய்டு ஆகியவையும் திடீரென நிறுத்தத் தகாதவை. பார்க்கின்சன் நோயாளியின் லெவோடோபாவை, வாய்வழி உணவு நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதற்காக ஒரு நாள் விட்டுவிடுவதுகூடப் பேராபத்து. வாந்திக்கென்று அவருக்கு மெட்டோகுளோபிரமைடு போடுவதும் அப்படியே. மாறாக, பான்டோபிரசோல், அரிப்பு மருந்து, மருத்துவமனையில் சில இரவுகள் மட்டும் கொடுத்த தூக்க மாத்திரை ஆகியவற்றை நிறுத்த இத்தனை அச்சம் தேவையில்லை. நெடுநாள் அமிலக் குறைப்பு மருந்து உட்கொண்டவருக்கு நிறுத்திய சில வாரங்கள் நெஞ்செரிச்சல் கூடுதலாக இருக்கலாம் என்பதை முன்பே சொல்லிவிட்டால், அவர் பயந்து மீண்டும் தொடங்காமல் இருப்பார்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. வேறு நோய்க்காகச் சேர்ந்த முதியவருக்கு, வலியாலும் பதற்றத்தாலும் உறக்கமின்மையாலும் ஏறியிருக்கும் இரத்த அழுத்தத்தைப் பார்த்து, வீடு திரும்பும் நாளில் புதிய மாத்திரையைச் சேர்த்து அனுப்புகிறோம். இதயக் காரணமல்லாத நோய்களுக்காகச் சேர்க்கப்பட்ட முதிய அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு, இப்படிக் கூட்டி அனுப்பப்பட்டவர்கள் 30 நாள்களுக்குள் மீண்டும் சேர்க்கப்படுவது அதிகம் என்றும், ஓராண்டில் இதய நோய்கள் குறையவில்லை என்றும் காட்டியது. அறிகுறி இல்லையென்றால், வீட்டுக்குச் சென்று சில வாரங்கள் கழித்து அளந்து பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

குறைப்பது மட்டுமே நோக்கமாகிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். எலும்பு முறிந்து வந்த மூதாட்டிக்கு எலும்பைக் காக்கும் மருந்து எழுதப்படாததும், மார்ஃபின் வகை வலிநீக்கி பெறுபவருக்கு மலமிளக்கி எழுதப்படாததும், இதயத் துடிப்பு ஒழுங்கற்றவருக்கு வயதைக் காரணம் காட்டி இரத்த உறைவுத் தடுப்பு மறுக்கப்படுவதும் பொருத்தமற்ற மருத்துவமே. ஆறு மருந்துகள் உட்கொள்பவருக்கு ஆறும் தேவையாக இருக்கலாம். மூன்று உட்கொள்பவருக்கு அவற்றில் ஒன்று நஞ்சாக இருக்கலாம்.

சிறப்பு மருத்துவரிடம் பேசும்போது, "இதை நிறுத்தலாமா" என்று கேட்டால் பெரும்பாலும் "தொடரட்டும்" என்ற விடையே வரும். "இந்த மருந்தால் இவருக்கு இன்னது நேர்ந்திருப்பதாகக் கருதுகிறோம், இன்றிலிருந்து நிறுத்தியிருக்கிறோம், தொடர வேண்டிய காரணம் தங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதினால் உரையாடல் வேறு விதமாக அமைகிறது. எல்லாவற்றுக்கும் முன், நோயாளியிடம் பேசுங்கள். கனடாவில் 303 முதியோரிடம் நடத்தி 2014இல் வெளியான எம்பவர் ஆய்வில், தூக்க மாத்திரையின் தீங்கையும் குறைக்கும் முறையையும் விளக்கும் சிறு கையேட்டை அவர்களிடமே நேரடியாகக் கொடுத்தார்கள். ஆறு மாதங்களில் 27 சதவீதத்தினர் அதை விட்டுவிட்டார்கள். கையேடு பெறாதவர்களில் அது 5 சதவீதம்தான். முதியவர்கள் கேட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று நாமே முடிவுசெய்துவிடுகிறோம்.


மறுமொழி (முதிய பெற்றோரைக் கவனித்துவரும் வாசகர்)

மருத்துவர்கள் நடுவே நான் எழுதலாமா என்று தெரியவில்லை. தவறாக எண்ண வேண்டாம். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

டிஸ்சார்ஜ் சீட்டில் என்னென்ன கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எதை நிறுத்தினார்கள் என்று இருப்பதில்லை. வீட்டில் பழைய மாத்திரைகள் மீதம் இருக்கும். சீட்டில் காணாத மாத்திரை மறந்துபோய் விடுபட்டதா, வேண்டுமென்றே நிறுத்தப்பட்டதா என்பது எங்களுக்குத் தெரியாது. பயத்தில் அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். சில நேரம் ஒரே மருந்து வேறு பெயரில் இரண்டு முறை உள்ளே போகிறது. ஆகையால் தொடர்வது, அளவு மாறியது, புதியது, நிறுத்தியது என்று நான்கு பகுதிகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தோடு எங்களுக்குப் புரியும் மொழியில் எழுதித் தாருங்கள். நிறுத்தியதால் என்ன தொந்தரவு வரலாம், வந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தால், நாங்களாக எதையும் திரும்பத் தொடங்க மாட்டோம்.


மறுமொழி (முதியோர் மருத்துவர்)

அம்மா, நீங்கள் எழுதியதுதான் இந்த உரையாடலில் விடுபட்டிருந்த பகுதி. ஓபெராம் ஆய்வில் பலன் தெரியாமல் போனதற்கு, மருத்துவமனையில் மாற்றியவை வெளியே நிலைக்காததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நான் எண்ணுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சியிலும், ஒரு கவனிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இந்த நேரம் மூன்று முதன்மைக் களங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் சொன்ன நான்கு பகுதிகள் கொண்ட தாளை எங்கள் பிரிவிலும் பயன்படுத்த விரும்புகிறேன்.


கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடைசியாக ஒன்று: இவற்றைத் தொடங்கினால், பலன் இருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? மருந்துகளின் சராசரி எண்ணிக்கை போதுமா?


மறுமொழி (மருத்துவமனை மருந்தாளுநர்)

எண்ணிக்கையை மட்டும் அளக்காதீர்கள், டாக்டர். வேண்டியதை நிறுத்தினாலும் எண்ணிக்கை குறையும். கனடாவின் 11 மருத்துவமனைகளில் 5,698 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான மெட்சேஃபர் ஆய்வில், நிறுத்தத்தக்க மருந்துகளைச் சுட்டும் மென்பொருள் அறிக்கை கிடைத்த பிரிவில் மருந்து நிறுத்தப்பட்டோர் 55.4 சதவீதம், வழக்கமான கவனிப்புப் பெற்ற பிரிவில் 29.8 சதவீதம். ஆனால் 30 நாள்களில் மருந்துப் பாதிப்பு 5 சதவீதத்தை ஒட்டியே இரு பிரிவுகளிலும் இருந்தது. நிறுத்தியதால் கெடுதல் கூடவில்லை என்பது தைரியம் தரும் செய்தி. குறுகிய காலத்தில் பெரிய நன்மையை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

உங்கள் வார்டுக்கு நான் பரிந்துரைப்பவை சிறியவை. உறக்கத்துக்காகப் புதிதாகத் தூக்க மாத்திரை பெற்ற முதியோர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அதோடு வீடு திரும்பினார்கள், மருத்துவமனையில் தொடங்கிய அமிலக் குறைப்பு மருந்துகளில் காரணமும் முடிவு நாளும் எழுதப்பட்டவை எத்தனை ஆகியவற்றை மாதந்தோறும் பாருங்கள். இவற்றைக் கேஸ் ஷீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். நிறுத்திய மருந்து வீட்டில் மீண்டும் தொடங்கப்பட்டதா என்பதை அறிய, வீடு திரும்பி ஒரு மாதம் ஆனதும் யாராவது தொலைபேசியில் கேட்க வேண்டும். எங்கள் மருந்தகத்தில் அந்த அழைப்பை மருந்தாளுநரே செய்கிறார். உங்களிடம் அதற்கு ஆள் இல்லையென்றால், மறுபரிசோதனைக்கு வரும்போது மாத்திரை அட்டைகள் அனைத்தையும் பையோடு எடுத்துவரச் சொல்லி, மேசைமேல் வைத்து, அந்த நான்கு பகுதித் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.